பழைய ஒருபக்க பிளேடு ரேசர்: எந்தத் தலையைத் தேர்ந்தெடுப்பது?

இருபக்க பிளேடு போடும் சேஃப்டி ரேசரில் கை பழகிய பலருக்கு ஒரு கட்டத்தில் பழைய ஒருபக்க பிளேடு ரேசர்கள்மேல் கண் விழுகிறது. ஜெம், எவர்-ரெடி, ஷிக், வாலெட் ஆட்டோஸ்ட்ராப், ரோல்ஸ் என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். படத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். எதை வாங்குவது என்று விசாரித்தால் ஒன்று முரட்டுத்தனமானது, இன்னொன்று சாதுவானது என்ற அளவில் பதில் கிடைக்கும். அது பாதி வழிக்குத்தான் உதவும். பெட்டியைவிட்டு வெளியே வந்த நாளில் சாதுவாக இருந்த ரேசர், ஒருமுறை கீழே விழுந்து மூலை வளைந்திருந்தால், இன்று கன்னத்தைக் கிழிக்கும். ஆகவே பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், ஒவ்வொரு தலையும் பிளேடை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிளேடிலேயே காரணம் இருக்கிறது. ஜில்லெட் பாணி இருபக்க பிளேடின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். வெறும் கையில் பிடித்தால் வளைந்துகொடுக்கும். ரேசரின் தலை அதை வில்போல வளைத்து இறுக்குவதால்தான் அதற்கு விறைப்பு வருகிறது. ஜெம் வகை ஒருபக்க பிளேடோ 0.23 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன். பின்பக்கத்தில் மடித்த உலோக முதுகும் உண்டு. அது தானாகவே விறைப்பாக நிற்கும், வளைக்கத் தேவையில்லை. தலைக்கு மிஞ்சுகிற வேலை மூன்று: பிளேடைத் தட்டையாகக் கிடத்துவது, ஆடாமல் அழுத்துவது, கூர் விளிம்பை, தோலைத் தாங்கும் காப்புப் பட்டைக்கு முன்னால் சரியான தூரத்தில் நிறுத்துவது. இந்த மூன்றையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் செய்து பார்த்த வரலாறுதான் இந்த ரேசர்களின் வரலாறு.

தொடக்கத்தில் பிளேடு என்ற தனிப்பொருளே இல்லை. சவரக்கத்தியின் ஒரு துண்டுதான் இருந்தது. 1847இல் வில்லியம் ஹென்சன் என்ற ஆங்கிலேயர் கத்திக்குக் குறுக்காகக் கைப்பிடி வைக்கும் மண்வெட்டி வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ரேசர்களும் அதே நிலையில்தான் நிற்கின்றன. 1880இல் நியூயார்க்கின் காம்ப்ஃபே சகோதரர்கள் ஸ்டார் ரேசருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதன் தலை ஒரு சிறிய தொட்டிபோல இருக்கும். வழித்த நுரை அதற்குள் சேரும். அதன்மேல் ஆப்பு வடிவத்தில், முதுகு தடித்து விளிம்பு மெலிந்த ஒரு கத்தித் துண்டு உட்காரும். அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1886இல் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போனபோது இந்த ஸ்டார் ரேசரைத்தான் பயன்படுத்தினார். அதை மனமாரப் புகழ்ந்தும் எழுதினார். ஆடுகிற கப்பலில் திறந்த கத்தியைத் தொண்டைக்குழியில் வைப்பதை நினைத்துப் பார்த்தால் அந்தப் புகழ்ச்சி மிகையாகத் தெரியவில்லை.

ஆனாலும் தினசரிச் சவரத்துக்காக வாங்குகிறவருக்கு ஆப்புக் கத்தி ரேசரை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் தோல்வாரில் தீட்ட வேண்டும், அவ்வப்போது சாணைக்கல்லில் பிடிக்க வேண்டும். பழைய கத்திகளில் விளிம்பு பொடிந்தோ துரு தின்றோ இருந்தால் மாற்றுக் கத்தி புதிதாகக் கிடைக்காது. வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு கத்திகள் வைத்த பெட்டிகள் கண்ணைப் பறிக்கும்தான். அவை அலமாரிக்கு அழகு. சவரக்கத்தி தீட்டுவதில் ஏற்கெனவே ஈடுபாடு உள்ளவருக்கு மட்டும் இவை பொருந்தும்.

தூக்கியெறியும் பிளேடு வந்த பிறகுதான் நமக்கு வேண்டிய தேர்வுகள் தொடங்குகின்றன. ஜில்லெட் ரேசர் 5 டாலருக்கு விற்ற காலத்தில் எவர்-ரெடி நிறுவனம் ரேசரையும் 12 பிளேடுகளையும் சேர்த்து 1 டாலருக்கு விளம்பரப்படுத்தியது. அந்த மலிவுக்கு வடிவமைப்பும் கைகொடுத்திருக்கிறது. நன்றாக மடித்த பித்தளைத் தகடு, பின்னால் ஒரு கீல், அதில் தூக்கி மூடும் ஒரு மூடி, கீழே ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். இந்தக் குடும்பத்தில் இன்று அதிகம் கைமாறுவது 1912 என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் மாடல். ஜெம் ஜூனியர் பெயரிலும் எவர்-ரெடி பெயரிலும் ஏறக்குறைய ஒரே தலை வந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தலையில் பொறித்திருக்கும் தேதி காப்புரிமைத் தேதி, அந்த ரேசரைச் செய்த ஆண்டு அல்ல. அதே வடிவம் பிறகும் நீண்ட காலம் தயாரானது. தேதியைக் காட்டிக் கூடுதல் விலை கேட்பவரிடம் அசர வேண்டியதில்லை.

1912ஐக் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டைவிரலால் மூடியின் முன்விளிம்பை மேலே நெம்பினால் அது கீலில் சாய்ந்து திறக்கும். உள்ளே தட்டையான ஒரு படுக்கை. அதன் முன்மூலைகள் இரண்டிலும் கடுகளவுக்குப் புடைத்த தடுப்பு முளைகள். பிளேடைக் கூர் முன்னால் வரும்படி வைத்து மூடியை அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் தகடுகள் முதுகைத் தள்ள, கூர் விளிம்பின் இரண்டு ஓரங்களும் அந்த முளைகளில் போய் முட்டி நிற்கும். விளிம்பு எவ்வளவு வெளியே நிற்கிறது, இடதும் வலதும் சமமாக இருக்கிறதா என்பதை முடிவு செய்வது இந்த இரண்டு முளைகள்தான். ஒன்று தேய்ந்திருந்தால் பிளேடு அந்தப் பக்கம் முன்தள்ளி, கோணலாக நிற்கும். சவரம் செய்யும்போது ஒரு பக்கம் மட்டும் எரிகிறது என்றால் கையைக் குறை சொல்வதற்கு முன் முளையைப் பார்க்க வேண்டும்.

இந்தத் தலையை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் இதுவே. இயங்குகிற உறுப்புகள் எல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்கின்றன. திறந்தால் தெரியும், மூடினால் தெரியும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்புக்கும் காப்புப் பட்டைக்கும் நடுவிலுள்ள கோடு ஒரே அகலமா என்று தெரியும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மூடும்போதே அந்த 'டக்' சத்தம் சோம்பலாக இருக்கும். நூறாண்டுப் பழைய பொருளை வாங்கும்போது, அதன் நோயை வெளியே காட்டுகிற பொருள்தான் நமக்கு நல்லது. தவிர, அடைப்பு எடுப்பதும் எளிது: மூடியைத் தூக்கிக் குழாயடியில் காட்டினால் போதும்.

சவரம் எப்படி? நடுத்தரம் என்பேன். தடிமனான பிளேடு முடியை வெட்டும்போது நன்றாகக் காதில் விழும். கரகரவென்ற அந்தச் சத்தம் இருபக்க பிளேடில் இவ்வளவு தெளிவாக வராது. சத்தம் நின்றால் அந்த இடத்தில் முடி தீர்ந்தது என்று பொருள், அல்லது கோணம் தப்பிவிட்டது என்று பொருள். கோணம் பற்றித்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். இருபக்க ரேசரில் கைப்பிடியைச் சுமார் 30 டிகிரிக்குச் சாய்த்துப் பழகிய கை, இங்கேயும் அதையே செய்யும். அப்போது விளிம்பு சுரண்டும். ஜெம் குடும்பத் தலைகளில் மூடியின் தட்டையான மேற்பரப்பைக் கன்னத்தில் ஏறக்குறைய படுக்க வைத்துத் தொடங்க வேண்டும். அங்கிருந்து சற்றே சாய்த்தால் வெட்டும் இடம் தானாகப் பிடிபடும். கைப்பிடி முகத்தைவிட்டு வெகுவாக விலகி நிற்பதால் பார்க்க விசித்திரமாக இருக்கும்.

1912க்குப் பிறகு வந்த தலைகளில் எவர்-ரெடியின் 1924 மாடல் மண்வாரிபோல அகன்ற முகம் கொண்டது. அதனால் சேகரிப்பாளர்களிடம் அதற்கு அப்படியே ஒரு பட்டப்பெயரும் உண்டு. அது சற்று மென்மையானது. அதைத் தவிர 1912ஐப் பற்றிச் சொன்னதெல்லாம் அதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

உண்மையான போட்டி 1930களில் வந்த ஜெம் மைக்ரோமேட்டிக்கோடுதான். இங்கே மூடியை விரலால் தூக்க வேண்டியதில்லை. கைப்பிடியின் அடியிலுள்ள குமிழைத் திருகினால், கைப்பிடிக்குள் ஓடும் தண்டு மேலே நகர்ந்து மூடியைத் திறக்கும். எதிர்ப்பக்கம் திருகினால் மூடி இறங்கி பிளேடை நெருக்கிப் பிடிக்கும். ஸ்பிரிங்கின் தயவில் விடாமல் திருகின் பலத்தால் இறுக்குவது என்பது நல்ல பொறியியல். பிளேடு கொஞ்சமும் அசையாது. தலையும் கனம், அழுத்தாமலேயே அந்தக் கனம் வேலை செய்யும். முதலில் வந்தது சீப்புப் பற்கள் கொண்ட மாடல். பற்களின் இடைவெளி வழியாக நுரையும் முடியும் போய்விடும், ஆனால் தோலும் அந்த இடைவெளிகளில் சற்றே மேலெழும்பி விளிம்பைச் சந்திக்கும். ஆகவே அது நெருக்கமாக மழிக்கும், பொறுப்பாகவும் பிடிக்கச் சொல்லும். 1940களில் வந்த கிளாக்-ப்ரூஃப் மாடலில் பற்களுக்குப் பதிலாக நேரான காப்புப் பட்டை. நுரை வெளியேற அதற்குக் கீழே துளைகள். தோலைத் தாங்கும் வேலையையும் நுரையைக் கழிக்கும் வேலையையும் தனித்தனி இடங்களுக்குப் பிரித்துவிட்டார்கள். எனக்குப் பிடித்த மாற்றம் இது. முதல் மாடலின் கடுமை குறைந்தது. மூன்று நாள் வளர்ந்த தாடியையும் அடைத்துக்கொள்ளாமல் வழிக்கிற திறமை குறையவில்லை.

அப்படியானால் 1912ஐ விட மைக்ரோமேட்டிக்தானே மேல் என்று கேட்கலாம். நல்ல நிலையில் உள்ள இரண்டையும் பக்கத்தில் வைத்தால், அடர்ந்த முரட்டுத் தாடிக்கு ஆம். சிக்கல் 'நல்ல நிலையில்' என்ற சொல்லில் இருக்கிறது. திருகும் தண்டு கைப்பிடிக்குள் மறைந்திருக்கிறது. பல பத்தாண்டுச் சோப்பும் சுண்ணாம்பும் அதில் இறுகியிருந்தால் குமிழ் நகராது. நகராததைப் பலம்கொண்டு திருகினால் உள்ளே முறுக்கிக்கொள்ளும். விற்பவர் திறந்த நிலையில் ஒரு படம், மூடிய நிலையில் ஒரு படம் அனுப்பினால் பாதிக் கவலை போகும். இரண்டுமே மூடிய படமாக இருந்தால் விலகுவதே உத்தமம். மூடி முழுதாக இறங்காமல் நூலளவு தூக்கி நின்றாலும் பிளேடு ஆடும், அப்போது அந்த நல்ல பொறியியலுக்கு அர்த்தமில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, கீலில் ஒரு துளி எண்ணெய் விட்டுப் பொறுமையாக அசைத்தால் பெரும்பாலான அடைப்பு இளகிவிடும். வினிகரில் மணிக்கணக்காகப் போடும் வைத்தியம் மட்டும் வேண்டாம். நிக்கல் முலாம் மங்கி உரியத் தொடங்கும்.

இந்த இரண்டுக்கும் பொதுவான ஒரு பலம் பிளேடு. ஜெம் பிளேடு இன்றும் தயாராகிறது. வாங்கும்போது ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: அதே அளவில், அதே முதுகுடன், கண்ணாடியில் ஒட்டிய பெயின்ட்டைச் சுரண்டுவதற்கென்றும் பிளேடுகள் விற்கிறார்கள். மேற்பூச்சு இல்லாத அவை ரேசரில் அழகாகப் பொருந்தும். பொருந்துகிறதே என்று முகத்தில் வைத்தால் ரேசருக்குத்தான் கெட்ட பெயர் வரும். சவரத்துக்கு வேண்டியது டெஃப்ளான் வகைப் பூச்சுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேடு. பழைய ரேசர் முரடு என்று கைவிட்டவர்களில் எத்தனை பேர் சுரண்டும் பிளேடால் மழித்தவர்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

அடுத்தது வேறு குலம். ஜேக்கப் ஷிக் அமெரிக்க ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே ஏறும் துப்பாக்கியிலிருந்து கிடைத்த யோசனையை ரேசருக்குக் கொண்டுவந்தார். 1926இல் விற்பனைக்கு வந்த முதல் மாடலில் மாற்று பிளேடுகள் கைப்பிடிக்குள்ளேயே அடுக்கியிருந்தன. பிறகு அவற்றை இன்ஜெக்டர் என்னும் தனி உறைக்கு மாற்றினார்கள். உறையின் நாக்கைத் தலையின் ஓரத்தில் செருகி, மேலுள்ள தள்ளியை நகர்த்தினால் புது பிளேடு உள்ளே போகும், பழையது மறுபக்கம் வெளியே விழும். விரல் விளிம்பைத் தொடவே வேண்டாம். இந்த இன்ஜெக்டர் பிளேடும் கால் மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமனானதே. ஆனால் முதுகு கிடையாது, அகலமும் குறைவு. அதனால் தலை சிறியது. மீசையோரம், மூக்கின் அடி, தாடையின் வளைவு ஆகிய இடங்களில் ஜெம் தலைகள் திணறும்போது இது சுலபமாக நுழைந்து வரும். தலை கைப்பிடியோடு சேரும் கோணமும் இன்றைய கார்ட்ரிட்ஜ் ரேசரை ஒத்தது. அதிலிருந்து மாறுகிறவருக்குக் கை உடனே பழகும்.

இன்ஜெக்டரின் பலவீனம் அதன் வசதியிலேயே இருக்கிறது. பிளேடு பக்கவாட்டில் வழுக்கி நுழைய வேண்டுமானால், பக்கவாட்டில் அதை அடைத்து நிறுத்தும் சுவர் இருக்க முடியாது. தலைக்குள் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்றுதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது தளர்ந்துவிட்டால் பிளேடு மெல்ல ஓரத்துக்கு நகரும். அந்த ஓரம் காதுமடலுக்குப் பக்கத்தில் வரும்போது தெரியும் சேதி. பழைய பிளேடு போட்டிருக்கும் நிலையில் தலையைக் குலுக்கிப் பார்த்துச் சத்தம் கேட்டால் வாங்கக் கூடாது. இந்த இன்ஜெக்டர் ரேசர்களை ஆங்கில எழுத்துகளால் வகை பிரிப்பார்கள். 1935 முதல் வந்த ஈ வகையில் கைப்பிடி அக்காலப் பிளாஸ்டிக்கால் ஆனது. தேன்நிறத்தில் மிக அழகாக இருக்கும், கழுத்தில் விரிசல் விடும், கொதிநீர் ஆகாது. போருக்குப் பின் வந்த ஜி வகை இன்னும் நம்பகமானது. முதன்முறை வாங்குகிறவருக்கு அதையே சொல்வேன். 1955இல் வந்த ஹைட்ரோமேஜிக் என்னும் ஐ வகையில் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் தலை சற்றுத் திறந்து கழுவ வழிவிடும். நல்ல யோசனை, ஆனால் சேதமாகக்கூடிய உறுப்பு ஒன்று கூடியதாகவும் அர்த்தம். எம் வகையில் விளிம்பின் வெளித்தள்ளலைக் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு. தோல் எப்படிப்பட்டது என்று இன்னும் பிடிபடாதவருக்கு அது பயன்படும்.

வாலெட் ஆட்டோஸ்ட்ராப் பற்றிப் பேசத் தொடங்கினால் அதைக் கண்டுபிடித்த ஹென்றி கெய்ஸ்மனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. படச்சுருளில் குறிப்பு எழுதும் வசதியை 1914இல் கோடாக் நிறுவனத்துக்கு 3 லட்சம் டாலருக்கு விற்ற மனிதர்; 1930இல் பிளேடு காப்புரிமைத் தகராறில் ஜில்லெட்டை மடக்கி, இரு நிறுவனங்களும் இணைந்தபோது அதன் தலைமைக்கே வந்து உட்கார்ந்தவர். அவருடைய ரேசரில் பிளேடைக் கழற்றாமலேயே தீட்டலாம். தோல்வாரைத் தலைக்குள் நுழைத்து ரேசரை முன்னும் பின்னும் இழுத்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் பிளேடு தானே புரண்டு இரண்டு பக்கமும் தீட்டிக்கொள்ளும். ஒரு பிளேடு பல நாள் வரவேண்டும் என்று மக்கள் நினைத்த காலத்துக்கான இயந்திரம் அது. சவரம் மென்மையானது, தலை சிறியது, கழுவுவது எளிது. தடை பிளேடுதான்: ஜப்பானின் ஃபெதர் நிறுவனத்தின் எஃப்.ஹெச்.எஸ்-10 பிளேடு இதற்குப் பொருந்தும், ஆனால் ஜெம் பிளேடுபோலத் தாராளமாகக் கிடைப்பதில்லை. முதலில் பிளேடை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பிறகு ரேசரைத் தேடுவது புத்திசாலித்தனம்.

பிரிட்டனின் ரோல்ஸ் ரேசரை இந்த வரிசையில் வைப்பதே கொஞ்சம் அநியாயம். அதன் பெட்டியின் ஒரு மூடியில் சாணைக்கல், மறு மூடியில் தோல். உள்ளே இருக்கும் கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் பிளேடு 'டகடக'வென்று புரண்டு தீட்டிக்கொள்ளும். மாற்று பிளேடே தேவையில்லாத முழுமையான ஏற்பாடு. ஆனால் கல் உடைந்தும் தோல் காய்ந்தும் கிடக்கும் பெட்டிகளே அதிகம். தலையும் பருமன், மூக்கின் அடியில் நுழையாது. கருவியை விளையாட்டாக ரசிப்பவர்கள் வாங்கலாம். காலையில் ஐந்து நிமிடத்தில் முகம் கழுவிக் கிளம்ப வேண்டியவர்களுக்கு இது வேண்டாம்.

இனி முடிவுக்கு வரலாம். தாடி அடர்த்தி, தினமும் மழிப்பதில்லை, முடி வளரும் வாக்கில் ஒருமுறையும் குறுக்கே ஒருமுறையும் வழித்தால் வேலை முடிய வேண்டும் என்றால் மைக்ரோமேட்டிக் கிளாக்-ப்ரூஃப். சீப்புப் பல் மாடல் அதற்கும் ஒரு படி மேலே போகும். ஆனால் கை நடுங்காதவருக்கு மட்டும். எதிர்வாக்கில் வழித்தால் கழுத்தில் கொப்புளம் கிளம்பும் தோல் என்றால் இன்ஜெக்டர் ஜி வகை. மீசையோ தாடியோ வைத்து ஓரம் மட்டும் நேராக்குகிறவருக்கும் அதுவே. ஜெம் தலையின் அகலத்தில் விளிம்பு எங்கே இறங்குகிறது என்று தெரியாது. இந்த இரண்டு நிலையும் இல்லாமல், ஒருபக்க பிளேடு எப்படித்தான் இருக்கும் பார்ப்போம் என்று வருகிறவர்கள் எல்லாருக்கும் 1912. விலை குறைவு, பிளேடு கிடைக்கும், கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை.

முலாம் பற்றி ஒரு வார்த்தை. தங்கம், வெள்ளி, நிக்கல் எதுவானாலும் சவரத்துக்கு அது சம்பந்தமில்லாதது. கைப்பிடியில் முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். காப்புப் பட்டையிலும் தடுப்பு முளைகளிலும் தேய்ந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும், அங்கே முலாமோடு சேர்ந்து உலோகமும் போயிருக்கலாம். விற்பவரிடம் பிளேடு போட்ட நிலையில், தலையை நேர்முன்னாலிருந்து எடுத்த ஒரு படம் கேளுங்கள். கோடு இரண்டு ஓரத்திலும் ஒரே அகலத்தில் இருந்தால் பணம் கொடுக்கலாம். படம் தர மறுத்தால் அடுத்ததைத் தேடுங்கள். இந்த ரேசர்கள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை, இன்னொன்று வரும்.